புல்வெளியில் ஒரு காமிரா

அமெரிக்காவின் வடமேற்கே, கானடா எல்லையை ஒட்டிக் கிடக்கும் மொன்டானா மாகாணத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் மேற்குப் பாகத்தில் பனி மூடி நிற்கும் ராக்கி மலைத் தொடரைத்தான் வர்ணிப்பது வழக்கம். கிழக்குப் பாகம் அவ்விதமான பிரசித்தி அடையவில்லை. அங்கே பெரிய மலையும் இல்லை, வனமும் இல்லை. எல்லோஸ்டோன் நதியின் கரையில் நிற்கும் காட்டன்வுட் மரங்களைத் தாண்டிவிட்டால், முழங்கால் உயரம் வளர்வதற்கே சிரமப்படும் புல்லும், சாம்பல் நிறமான ஸேஜ் புதரும், மழையும் காற்றும் அரித்து அரித்துக் கோடு கோடாக வண்ணம் காட்டி நிற்கும் களிமண் குன்றுகளுமே கண்ணுக்கு எட்டிய வரையில் விரிந்து கிடக்கின்றன. ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 12 முதல் 14 அங்குலத்துக்குள் அடங்கிவிடும். குளிர்காலத்தில் உஷ்ணநிலை பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி வரை இறங்குவதும், கோடையில் 40 டிகிரியைத் தொடுவதும் அந்தப் பூமிக்குப் புதிதல்ல.

இப்படித் திறந்து கிடக்கும் பிரெய்ரி என்னும் புல்வெளியில் காட்டு மிருகங்களைப் படம் பிடிப்பது அடர்ந்த கானகத்தில் படம் பிடிப்பதைவிடச் சுலபம் என்று தோன்றலாம். உண்மை அதற்கு நேர்மாறானது. ஒளிந்து நிற்க ஒரு மரம்கூட இல்லாத இடத்தில், மனிதன் வருவதை பிராங்ஹார்ன் மான் ஒரு மைலுக்கு அப்பாலிருந்தே கண்டுகொள்கிறது. குன்றின் விளிம்பில் கூடு கட்டியிருக்கும் கழுகு அதற்கும் முன்பே கண்டுகொள்கிறது. ஆகவே இங்கே காமிராவை எடுத்துக்கொண்டு வருகிறவனுக்கு மறைந்துகொள்ளும் சாமர்த்தியம் அதிகமாக உதவுவதில்லை. அந்தப் பிரதேசத்தின் ஜீவராசிகளுக்குப் பழகிப்போன ஓர் உருவமாக அவன் ஆகிவிடவேண்டும். நாள் தவறாமல் மாட்டுக்குத் தீனி போட்டு, வேலி பார்த்து, தொலைந்த கன்றைத் தேடி அலைகிற பண்ணைக்காரர்களுக்கே அந்தப் பழக்கம் இயல்பாகக் கிட்டுகிறது. பண்ணை வேலைக்கும் இந்தக் கலைக்கும் உள்ள சம்பந்தம் வெறும் இடத்தைப் பொறுத்தது அல்ல, வேலையே கலைக்கு வாசலைத் திறந்துவிடுகிறது என்பது என் துணிபு. அந்தத் துணிபுக்கு ஆதாரமாக நான் முன்வைக்க விரும்புவது, நூறு ஆண்டுகளுக்கு முன் டெர்ரி என்ற சிற்றூரை அடுத்த புல்வெளியில் வாழ்ந்து மறைந்த எவலின் கேமரன் அம்மாளின் ஜீவிதத்தை.

1868ஆம் ஆண்டில் லண்டனுக்கு அருகே, பணியாட்கள் நிறைந்த செல்வக் குடும்பம் ஒன்றில் எவலின் பிறந்தார். 1889இல் தம்மைவிட வயதில் மிகவும் மூத்தவரான ஈவன் கேமரன் என்ற ஸ்காட்லாந்துக்காரரை மணந்துகொண்டு, தேனிலவுக்காக வேட்டையாட மொன்டானாவுக்கு வந்தார். அந்த வெளியின் விசாலம் தம்பதிகள் இருவரையும் பற்றிக்கொண்டது. சில காலத்துக்குப் பிறகு நிரந்தரமாகத் தங்கிவிடும் எண்ணத்துடன் திரும்பி வந்து, போலோ விளையாட்டுக்கு வேண்டிய குதிரைகளை மலிவாக வளர்த்து இங்கிலாந்துக்குக் கப்பலேற்றி விற்பது என்று திட்டமிட்டார்கள். திட்டம் படுதோல்வி அடைந்தது. 1893இல் அமெரிக்கா முழுவதையும் உலுக்கிய நிதி நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, கையிலிருந்த பணம் கரைந்தது. பணியாட்கள் மத்தியில் வளர்ந்த பெண் அதன் பிறகு வீட்டிலும் தொழுவத்திலும் எல்லா வேலைகளையும் தாமே செய்யவேண்டியதாயிற்று.

வருமானத்துக்காக வீட்டில் கட்டணம் வாங்கிக்கொண்டு விருந்தினரைத் தங்கவைத்தார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவரிடம் காமிரா இருந்தது. அவரிடமிருந்து எவலின் 1894இல் அந்த வித்தையைக் கற்றுக்கொண்டு, தபால் மூலம் தமக்கென்று ஒரு காமிராவை வரவழைத்தார். ஐந்து அங்குல அகலமும் ஏழு அங்குல நீளமும் கொண்ட கண்ணாடித் தகடுகளில் படம் எடுக்கும் காமிரா அது. பின்னாளில் கிராஃப்லெக்ஸ் காமிராவுக்கு மாறிய பிறகும் கண்ணாடித் தகட்டை அவர் கைவிடவில்லை. முதலில் படம் ஒன்று 25 சென்ட் வீதம் அண்டை அயலாருக்கு விற்றார். அதோடு தோட்டத்தில் காய்கறி பயிரிட்டு விற்றார், முட்டையும் வெண்ணெயும் விற்றார். இவற்றில் எதையும் அவர் குறைவாகக் கருதியதாகத் தெரியவில்லை.

1893 முதல் 1928 வரையில் அவர் எழுதி வைத்த 35 நாட்குறிப்பேடுகள் இன்று ஹெலினா நகரில் மொன்டானா சரித்திர சங்கத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றில் பெரிய ஆத்ம விசாரங்களைத் தேடுகிறவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். அன்றைய வானிலை, கறந்த பசுக்கள், சுட்ட ரொட்டி, துவைத்த துணி, பிளந்த விறகு, அடையாளச் சூடு போட்ட கன்றுகள், எழுதிய கடிதங்கள் எல்லாம் வரிசையாக வரும். அந்த வரிசையின் நடுவிலேயே, எவ்விதப் பீடிகையும் இல்லாமல், அன்று எடுத்த படங்களும் இரவில் கழுவிய தகடுகளும் இடம் பெறும். கலையைத் தனியே ஒரு பீடத்தில் ஏற்றி வைத்துப் பழகிய நமக்கு இது விசித்திரமாகப் படலாம். அவருக்குப் பால் கறப்பதும் பருந்தின் கூட்டைப் படம் பிடிப்பதும் ஒரே நாளின் இரண்டு வேலைகள்.

1904ஆம் ஆண்டில் எடுத்த ஒரு படத்தில் அவர் தம் சமையலறையில் ரொட்டி மாவு பிசைந்துகொண்டு நிற்கிறார். சிங்காரித்த முகமோ, படத்துக்காகப் பூண்ட பாவனையோ கிடையாது. மாவில் புதைந்த கைகளும், உழைத்து உரமேறிய தோள்களுமே பார்ப்பவர் கண்ணை இழுக்கின்றன. 1912இல் எடுத்த இன்னொரு படத்தில், ஜிம் என்ற குதிரையின் முதுகின் மேல் கடிவாளத்தைப் பிடித்தபடி நிமிர்ந்து நிற்கிறார். குதிரை அசையாமல் நிற்கிறது. காமிராவின் முன் ஒரு குதிரை அப்படி நிற்பதற்கு எத்தனை ஆண்டுப் பரிச்சயம் வேண்டும் என்பது குதிரையோடு பழகியவர்களுக்குத் தெரியும். பெண்கள் குதிரையில் ஒருபுறமாக உட்கார்ந்துதான் போகவேண்டும் என்று சமூகம் விதித்திருந்த அந்தக் காலத்தில், கால்சட்டை போல் பிளவுபட்ட பாவாடை அணிந்து இருபுறமும் காலைப் போட்டுச் சவாரி செய்தவர் அவர். மைல்ஸ் ஸிட்டி நகரத்தில் அவ்விதம் வந்ததற்காகக் கைது செய்யப்படக்கூடும் என்ற எச்சரிக்கையும் அவருக்குக் கிடைத்தது. அவர் உடையை மாற்றிக்கொள்ளவில்லை. கன்றைத் துரத்திப் பிடிக்கிறவளுக்கு ஒருபுறச் சேணத்தால் என்ன பிரயோஜனம்?

கண்ணாடித் தகட்டில் படம் எடுப்பது எத்தகைய பிரயாசை என்பதை இன்றைய வாசகர்கள் சற்றே மனத்தில் உருவகித்துப் பார்க்கவேண்டும். காமிராவையும், அதன் முக்காலியையும், தகடுகள் அடங்கிய மரச்சட்டங்களையும் குதிரைமேல் கட்டி எடுத்துக்கொண்டு பல மைல் போகவேண்டும். குதிரை மிரண்டால் கண்ணாடி நொறுங்கிவிடும். படம் எடுக்கும் இடத்தில் முக்காலியை ஊன்றி, தலைக்குமேல் கறுப்புத் துணியைப் போர்த்துக்கொண்டு, மங்கலான கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் பிம்பத்தைக் கூர்மையாக்கி, பிறகு தகட்டைச் செருகி, மூடியை இழுத்து எடுத்தால், அதன்பின் ஒரே ஒரு படம். அடுத்த படத்துக்குத் தகட்டை மாற்றியாக வேண்டும். அதுவரை பறவை காத்திருக்குமா என்பது பறவையின் இஷ்டம். வீடு திரும்பி, மாடுகளையும் கோழிகளையும் கவனித்து, இரவுச் சாப்பாடு முடிந்த பிறகுதான் இருட்டறை வேலை. தகட்டைக் கழுவக் குழாய் நீர் ஏது? கிணற்றிலிருந்து வாளியில் சுமந்து வந்த நீரே அதற்கும் வேண்டும்.

தூரத்துப் பொருளைக் கிட்டே இழுத்துக் காட்டும் நீண்ட லென்ஸ்கள் அவரிடம் இல்லை. பறவையின் கண்ணும் அலகும் தெரியும்படி படம் வேண்டுமானால் அதன் அருகே போய்த்தான் ஆகவேண்டும். இங்கேதான் பண்ணை வேலை அவருக்குக் கைகொடுத்தது. வேலியற்ற மேய்ச்சல் வெளியில் வழி தவறிய மாடுகளைத் தேடிக்கொண்டு வாரத்தில் பல நாள் குன்றுகளையும் ஓடைப் பள்ளங்களையும் சுற்றிவந்தபோது, எந்த விளிம்பில் பொன்னிறக் கழுகு சுள்ளி அடுக்குகிறது, எந்தக் காட்டன்வுட் மரத்தில் பருந்து முட்டையிட்டிருக்கிறது என்பதெல்லாம் தேடாமலே தெரிந்துபோயின. குதிரைமேல் வரும் மனிதனை மேய்ச்சல் நிலத்தின் பறவைகள் நடந்து வரும் மனிதனைப் போல் சந்தேகிப்பதில்லை. அதே குதிரையில் அதே பெண் நாள்தோறும் வருவதைக் கண்டு பழகிவிட்ட பறவை, ஒரு நாள் அவள் கையில் கறுப்புப் பெட்டி இருப்பதைப் பொருட்படுத்தாமல் விட்டது. பார்ப்பவன் பயமுறுத்தாதபோது பிராணி எப்படி இருக்குமோ அப்படியே அவர் படங்களில் இருக்கிறது.

ஈவன் கேமரன் உடல் வலிமை குறைந்தவர். ஆனால் பறவைகளைப் பற்றி ஆழ்ந்த அறிவுடையவர். அமெரிக்கப் பறவையியல் சங்கத்தின் 'தி ஆக்' என்ற பத்திரிகையில், பொன்னிறக் கழுகு, ஸ்வெய்ன்ஸன் பருந்து முதலியவை கூடு கட்டி இனவிருத்தி செய்யும் விதத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைகள் இன்றும் ஆராய்ச்சியாளர்களால் எடுத்தாளப்படுகின்றன. அந்தக் கட்டுரைகளுக்குப் படங்களைத் தந்தவர் எவலின். கணவர் நூல்களோடும் குறிப்புகளோடும் உட்கார்ந்திருந்த நேரத்தில் பசுவுக்கும் அடுப்புக்கும் குதிரைக்கும் பொறுப்பேற்று, அவருக்கு அந்த அவகாசத்தைச் சம்பாதித்துக் கொடுத்தவரும் எவலினே. கட்டுரையின் தலைப்பில் ஒரு பெயர் இருப்பதைக் கண்டு, உழைப்பும் ஒருவருடையதே என்று எண்ணிவிடக்கூடாது.

மாட்டுப் பண்ணைக்கும் காட்டு விலங்குக்கும் உள்ள உறவு எப்பொழுதும் சுமுகமானதாக இருந்ததில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கணக்கிலடங்காமல் திரிந்த அமெரிக்கக் காட்டெருமைகளின் வடக்கு மந்தை 1883ஆம் ஆண்டு வாக்கில் சுட்டுத் தீர்க்கப்பட்டுவிட்டது. 1886இல் ஸ்மித்ஸோனியன் கண்காட்சிச் சாலையைச் சேர்ந்த வில்லியம் ஹார்னடே, மிஞ்சிய சில எருமைகளைத் தேடி மைல்ஸ் ஸிட்டியை அடுத்த வெளிக்குத்தான் வந்தார். எருமை போன பிறகு ஓநாய்கள் மாட்டுக் கன்றுகளின்மேல் திரும்பின. அரசாங்கம் ஓநாய்த் தலைக்கு விலை வைத்தது. கேமரன் தம்பதிகள் குடியேறியபோது இந்த வேட்டை உச்சத்தில் இருந்தது. அவர்களும் வேட்டையாடியவர்களே, ஆனால் ஓநாய்க் குட்டிகளை வீட்டில் வளர்த்துப் படம் எடுத்தவர்களும் அவர்களே. அந்தக் குட்டிகளின் படத்தைப் பார்க்கையில் எனக்கு எழும் துக்கத்தை மறைக்க விரும்பவில்லை. அவற்றின் இனம் அடுத்த சில பத்தாண்டுகளில் அந்தச் சமவெளியிலிருந்தே துடைக்கப்பட்டுவிட்டது.

புல்லுக்கு வந்த பெரிய ஆபத்து மாட்டினால் வரவில்லை, ஏரினால் வந்தது. 1909ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குடும்பத்துக்கு 320 ஏக்கர் வீதம் இலவசமாகக் கிடைக்கும் என்ற விளம்பரத்தை நம்பி, ரயில் கம்பெனிகளின் ஆசை வார்த்தையில் மயங்கி, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வந்து இறங்கின. மழை பெய்த சில ஆண்டுகளில் கோதுமை விளைந்தது. 1917க்குப் பிறகு வானம் பொய்த்தது. உழுது கிடந்த மண் காற்றோடு போயிற்று. வந்தவர்களில் பெரும் பகுதியினர் வீட்டைப் போட்டுவிட்டு வெளியேறினார்கள். அவர்கள் வந்து குடிசை கட்டியதை எவலின் அம்மாள் படமாக்கி வைத்திருக்கிறார். புதிய வீட்டு வாசலில் குழந்தைகளோடு நிற்கும் அந்த முகங்களில் எத்தனை நம்பிக்கை! 1915இல் கணவர் காலமான பிறகு இங்கிலாந்துக்குத் திரும்பிப் போக வழியிருந்தும், அவர் தனியாகவே பண்ணையை நடத்தினார். 1928 டிசம்பரில் அறுவை சிகிச்சைக்குப் பின் இறந்தார்.

அவருடைய நாட்குறிப்புகளும் தகடுகளும் படங்களும் ஜேனட் வில்லியம்ஸ் என்ற சிநேகிதியிடம் சேர்ந்தன. அந்த அம்மாள் அவற்றை டெர்ரியில் தம் வீட்டின் நிலவறையில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் காப்பாற்றி வந்தார். ஆயிரத்துக்கும் அதிகமான கண்ணாடித் தகடுகளை, உடையாமல், ஈரம் படாமல், அவற்றின் மதிப்பை உலகம் அறியாத காலத்தில் ஒருவர் கட்டிக் காத்தது சாமான்யமான காரியமல்ல. 1970களின் இறுதியில் டானா லூஸி என்ற எழுத்தாளர் தேடி வந்து கண்டெடுத்து, 1990இல் நூலாக வெளியிட்ட பிறகே எவலின் கேமரன் என்ற பெயர் வெளியுலகுக்குத் தெரிந்தது. இப்போது டெர்ரியில் அவர் படங்களுக்கென்றே ஒரு காட்சிக்கூடம் இருக்கிறது.

அந்தப் புல்வெளியின் பண்ணை வேலை இன்றும் சாராம்சத்தில் மாறிவிடவில்லை. பிப்ரவரி கடைசியில் தொடங்கி ஏப்ரல் வரையில் பசுக்கள் ஈனும் காலம். முதல் ஈற்றுக் கிடாரிகளை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து போய்ப் பார்க்கவேண்டும். உறைபனியில் விழுந்த கன்று காதும் வாலும் விறைத்துப் போவதற்குள் அதைத் துடைத்து வெப்பமூட்டவேண்டும். இதே ஏப்ரலில்தான், விடிவதற்குச் சற்று முன், கூர்வால் கிரவுஸ் என்ற பறவையின் சேவல்கள் மேட்டுப் புல்லில் கூடி நடனமாடுகின்றன. தலையைத் தாழ்த்தி, இறக்கைகளை இருபுறமும் விரித்து, வாலைச் செங்குத்தாக நிமிர்த்திக்கொண்டு, கால்களை அதிவேகமாகத் தரையில் தட்டிச் சுழலும். திடீரென்று எல்லாம் ஒரே கணத்தில் அசைவற்று நிற்கும். மறுபடியும் ஒன்றாகவே ஆடத் தொடங்கும். இதைப் படம் பிடிக்க ஊரிலிருந்து வருகிறவர்கள் நடுநிசியில் எழுந்து கூடாரத்தில் முடங்கிக் காத்திருக்கவேண்டும். கிடாரியைப் பார்க்க எழுந்த பண்ணைக்காரருக்கோ, அது தொழுவத்துக்குப் போகும் வழியில் நடக்கிற காரியம்.

மே, ஜூன் மாதங்களில் அண்டை வீட்டார் எல்லோரும் கூடிக் கன்றுகளுக்குச் சூடு போட்டு, தடுப்பூசி போடுகிறார்கள். ஜூலையில் புல் அறுத்து உலர்த்திக் கட்டுகிறார்கள். அறுவடை இயந்திரம் நகர நகர, அதனால் கலைக்கப்படும் எலிகளுக்காகவும் வெட்டுக்கிளிகளுக்காகவும் ஸ்வெய்ன்ஸன் பருந்துகள் அதன் பின்னாலேயே வருகின்றன. இயந்திரத்தின் ஆசனத்தில் இருப்பவர் கையில் காமிரா இருந்தால், எந்த மறைவிடத்திலும் கிடைக்காத படம் கிடைத்துவிடும். அக்டோபரில் கன்றுகளைப் பிரித்து லாரியில் ஏற்றி அனுப்பிய பின், குளிர்காலம் முழுவதும் தினசரித் தீனி போடுவதும், நீர்நிலைகளில் பனிக்கட்டியை உடைப்பதும் வேலை. உடைத்த துவாரத்துக்கு மாடு மட்டுமா வரும்? மானும் கயோட்டியும் வருகின்றன. எவலினுக்குக் குதிரை எதுவோ அதுவே இன்றைய பண்ணைக்காரருக்குத் தீனி வண்டி. தினமும் அதே சத்தத்தோடு, அதே தடத்தில் வரும் வண்டியை விலங்குகள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் மேயத் தலைகுனிகின்றன. கதவைத் திறந்து ஒருவர் கீழே இறங்கினால் மட்டும் ஓட்டம் பிடிக்கின்றன. ஆகையால் வண்டியின் ஜன்னல் விளிம்பில் லென்ஸைச் சாய்த்து வைத்துக்கொண்டு, இயந்திரத்தை நிறுத்திவிட்டு, உள்ளிருந்தபடியே படம் எடுக்கவேண்டும் என்பது அங்கே பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.

இந்தப் படங்களுக்கு அழகைத் தவிர வேறொரு மதிப்பும் உண்டு. 1970க்குப் பிறகு வட அமெரிக்காவின் புல்வெளிப் பறவைகளில் நூற்றுக்கு 53 பங்கு, அதாவது 70 கோடிக்கும் மேற்பட்ட பறவைகள் குறைந்துவிட்டன என்று 2019இல் 'ஸயன்ஸ்' பத்திரிகையில் விஞ்ஞானிகள் கணக்கிட்டுக் காட்டினார்கள். வேறு எந்தவிதமான வாழிடத்துப் பறவைகளுக்கும் இவ்வளவு பெரிய நஷ்டம் நேரவில்லை. மிஞ்சியிருக்கும் உழப்படாத புல்லில் பெரும் பகுதி மாட்டுப் பண்ணைகளின் கையில் இருக்கிறது. மாடு வளர்ப்பது கட்டுப்படியாகும் வரையில் அந்தப் புல் இருக்கும். கட்டுப்படியாகாவிட்டால் ஏருக்கோ வீட்டு மனைக்கோ போய்விடும். எனவே பறவையை நேசிக்கிறவர்கள் மாட்டுக்காரனை விரோதியாக எண்ணுவது தங்கள் காலையே வெட்டிக்கொள்வதாகும்.

விரோதத்துக்குக் காரணமே இல்லை என்றும் சொல்லமாட்டேன். முள்கம்பி வேலி ஒன்றைப் பாருங்கள். பிராங்ஹார்ன் மான் மணிக்கு 50 மைலுக்கு மேல் ஓட வல்லது. ஆனால் தாண்டிக் குதிப்பது அதன் சுபாவம் அல்ல. வேலி குறுக்கிட்டால் மண்டியிட்டு, கடைசிக் கம்பிக்கு அடியில் நுழைந்து போகப் பார்க்கும். கம்பி தாழ்வாகவும் முள்ளோடும் இருந்தால் முதுகைக் கீறும். நீண்ட லென்ஸால் எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கையில், ரோமம் உரிந்து தோல் தெரியும் அந்த நீளமான பட்டை தெளிவாகத் தெரிகிறது. கடுங்குளிரில் அந்த இடம் விறைத்துப் புண்ணாகும். முள் முனையில் சிக்கியிருக்கும் வெளிறிய ரோமக் கொத்து, மான்கள் எந்த இடத்தில் வழக்கமாகக் கடக்கின்றன என்பதை வேலி பார்க்கப் போகிறவருக்குக் காட்டிக் கொடுக்கிறது. பரிகாரம் எளிது: அடிக் கம்பியை மட்டும் முள்ளில்லாத வழவழப்பான கம்பியாக மாற்றி, தரையிலிருந்து 16 முதல் 18 அங்குல உயரத்துக்கு ஏற்றிக் கட்டினால் போதும், மான் போய்விடும், மாடு நின்றுவிடும். பண்ணைக்காரர்கள் பலர் இதைச் செய்து வருகிறார்கள். அரசாங்க இலாகாக்களும் தொண்டர் குழுக்களும் கம்பிக்கும் ஆளுக்கும் உதவுகின்றன. ஆயினும் மொன்டானாவின் மேய்ச்சல் நிலத்தில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் வேலி பல்லாயிரம் மைல். ஒரு கோடைக்கு ஒரு பண்ணையில் சில மைல் கம்பியைத்தான் மாற்ற முடிகிறது. அதுவும் புல் அறுப்பு முடிந்து, கன்றுகளைப் பிரிக்கும் வேலை தொடங்குவதற்கு முன் கிடைக்கும் இடைவெளியில்.